இடப்பக்கம் பதினோரு சுற்று

மார்ச் 2

அன்புள்ள சின்னவனுக்கு,

பெரியப்பா எழுதுவது. நாங்கள் இருவரும் இருக்கிறோம். நலம் என்று எழுதப் போன கை நின்றுவிட்டது. நீயும் மருமகளும் குழந்தையும் நலமாக இருக்க வேண்டும்.

போனில் பேசாமல் கடிதம் போடுகிறானே என்று நினைக்காதே. அன்றைய வெடிச் சத்தத்தில் இரண்டு காதும் அடைத்துப்போய்விட்டன. ஆறு மாதம் பொறுக்கச் சொல்கிறார் டாக்டர். உன் பெரியம்மா சிலேட்டில் எழுதிக் காட்டித்தான் என்னைத் திட்டுகிறாள். முன்பு வாயால் திட்டும்போது பாதியில் விஷயம் மறந்து நிறுத்திவிடுவாள். இப்போது முற்றுப்புள்ளி வைத்துத் திட்டுகிறாள்.

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் பத்தொன்பதாம் தேதி காலை பதினொன்றேகாலுக்கு நீ கேஸ் கம்பெனி கன்ட்ரோல் ரூமிலிருந்து வீட்டுப் போனில் கூப்பிட்டாய். "பெரியப்பா, உங்க தெருமுனையில மெயின் லைன்ல கேஸ் கசியுது. நம்ம ஆளுங்க வர நாப்பது நிமிஷம் ஆகும். போய் வால்வ மூடிருங்க" என்றாய். போனேன். அதன் பிறகு நடந்தது உனக்குத் தெரியும். துணி தேய்க்கும் கடைக்காரர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். உடம்பில் பாதிக்கு மேல் தீக்காயம்.

போலீஸ் மூன்று முறை வந்துவிட்டது. 'உங்களை யார் போகச் சொன்னது?' என்று இன்ஸ்பெக்டர் காகிதத்தில் எழுதிக் காட்டினார். "தகவல் வந்தது" என்று மட்டும் சொன்னேன். உன்னைக் கேட்காமல் உன் பேரைச் சொல்ல வாய் வரவில்லை.

எதிர்வீட்டு வக்கீலம்மா ஒரு சட்டப் பிரிவைக் கொண்டுவந்து காட்டினார். மூன்று முறை படித்தேன். கேஸ், எண்ணெய், மின்சாரம் இவற்றில் ஆபத்து நேரும்போது, கம்பெனி கூப்பிட்டதன் பேரில், கூலி வாங்காமல், நல்லெண்ணத்தோடு உதவப் போகிறவர் மேல் வழக்குப் போட முடியாது; காரியம் கெட்டுப்போனாலும் முடியாது. ஆனால் கூப்பிட்டிருக்க வேண்டும். தானாகப் போய்க் கை வைத்தவனுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. ஜெயில்தான்.

ஆகவே, "நான்தான் கூப்பிட்டேன்" என்று நீ இரண்டு வரி எழுதிக் கொடுத்தால் போதும். அவசரமில்லை. அதாவது, கொஞ்சம் அவசரம்.

பாப்பாவுக்கு என் ஆசிகள்.

பெரியப்பா

~

மார்ச் 17

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

வணக்கம். நாங்க மூணு பேரும் சௌக்கியம். உங்க காதை நினைச்சாத்தான் மனசு சரியில்ல. மருந்த விடாம போடுங்க. பாப்பாவுக்கு ரெண்டு பல்லு வந்திருக்கு. கிட்டப் போனா கடிக்கிறா, அப்படியே எங்க மேனேஜர் மாதிரி.

இங்க தினமும் விசாரணைதான். லிஸ்ட்ல பேர் இல்லாத வெளியாள எந்த அவசரத்துக்கும் கூப்பிடக் கூடாதுன்னு போன வருஷமே சர்க்குலர் போட்டிருக்காங்க. அதை இப்ப தூசி தட்டி எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்குறாங்க. ஷிஃப்ட் இன்சார்ஜ்னு நாற்காலி மட்டும்தான் பெருசு, உக்காந்தா முள்ளுதான்.

கொஞ்சம் பொறுங்க பெரியப்பா. எல்லாம் அடங்கட்டும். பெரியம்மாவக் கேட்டதாச் சொல்லுங்க. சிலேட்ட ஒளிச்சு வைங்க.

உங்கள்
சின்னவன்

~

மார்ச் 21

அன்புள்ள சின்னவனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பல் முளைத்த செய்தியைப் பெரியம்மா இரண்டு முறை படித்தாள். சிலேட்டை ஒளித்தேன். சமையலறைச் சுவரில் கரியால் எழுதுகிறாள். உன் தூக்கம் எப்படி இருக்கிறது? சின்ன வயதிலேயே கவலை வந்தால் குப்புறப் படுப்பாய்.

நான் கேட்ட இரண்டு வரியைப் பற்றி அதில் இல்லை. நான்தான் தெளிவாக எழுதவில்லை போலிருக்கிறது. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

நீ கூப்பிட்டதும் வால்வைத் திருகும் சாவிக் கம்பியை எடுத்துக்கொண்டு போனேன். ஓய்வு பெற்ற அன்று திருப்பிக் கொடுத்திருக்க வேண்டிய கம்பி. பதினோரு வருஷமாக உன் பெரியம்மா துணிக்கொடிக்கு முட்டுக் கொடுத்திருந்தாள். இப்போது அது போலீஸ் வசம். கொடி தரையில் கிடக்கிறது.

குழியின் மூடியைத் திறந்து கம்பியைப் பொருத்தி இடப்பக்கம் திருகினேன். நம் ஊரில் ஆதியில் போட்ட வால்வுகள் எல்லாம் இடப்பக்கம் திருகினால்தான் மூடும். முப்பத்தொரு வருஷம் மாதம் ஒரு தடவை அவற்றுக்குக் கிரீஸ் போட்டு, திருகிப் பார்த்து, பதிவேட்டில் எழுதியவன் நான். பதினோராவது சுற்றில் இறுகி நின்றது. மூடிவிட்டது என்று நினைத்தேன். சீறல் குறையவில்லை. குழாயில் மிச்சமிருக்கும் கேஸ் வெளியேற நாலைந்து நிமிடம் ஆகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எட்ட நின்ற கூட்டத்தைப் பார்த்து, "மூடியாச்சு, பயப்படாதீங்க" என்றும் சொன்னேன்.

துணி தேய்ப்பவர், "பெரியவர் சொல்லிட்டாரு" என்று சொல்லிக் கடைக்குள் போனார். தேய்ப்புப் பெட்டியின் சுவிட்சைப் போட்டார்.

நான் ஓய்வு பெற்ற பிறகு அந்த வால்வை மாற்றிவிட்டார்கள் என்பதை இன்ஸ்பெக்டர் எழுதிக் காட்டித்தான் தெரிந்துகொண்டேன். புதியது வலப்பக்கம் மூடும். பக்கத்துத் தெரு வேலைக்காகப் பாதி திறந்து வைத்திருந்தார்களாம். நான் அதை முழுக்கத் திறந்திருக்கிறேன். தெருவில் போகிற எவனாவது, வால்வென்றால் என்னவென்றே தெரியாதவன், தண்ணீர்க் குழாயை மூடுவது போல வலப்பக்கம் திருகியிருப்பான். மூடியிருக்கும். நான் தெரிந்தவனாகப் போய்விட்டேன்.

ஷிஃப்ட் பொறுப்பில் இருப்பவர் கூப்பிட்டால் கம்பெனி கூப்பிட்ட கணக்குத்தான் என்கிறார் வக்கீலம்மா. கன்ட்ரோல் ரூம் பேச்செல்லாம் டேப்பில் பதிவாகும். தொண்ணூறு நாள் வைத்திருந்து அழிப்பார்கள். அழிக்காமல் நிறுத்தி வைக்க, அன்று ஷிஃப்டில் இருந்தவர் எழுதிக் கேட்டால் போதும். மே இருபதோடு தொண்ணூறு முடிகிறது. நீ மறந்திருக்க மாட்டாய். இருந்தாலும் எழுதுகிறேன்.

குப்புறப் படுக்காதே.

பெரியப்பா

~

ஏப்ரல் 9

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

எல்லாரும் சௌக்கியம். டேப்ப நிறுத்தி வைக்கச் சொல்லி எழுதிட்டேன். குடுக்கறதுக்கு நேரம் பாத்துட்டு இருக்கேன். மேனேஜர் லீவு. கடைக்காரர் எப்படி இருக்காரு?

அவசரத்தில்,
சின்னவன்

~

ஏப்ரல் 13

அன்புள்ள சின்னவனுக்கு,

நீங்கள் சுகமாக இருப்பது அறிந்து ஆறுதல். இங்கே பெரியம்மாவுக்கு ரத்த அழுத்தம். எனக்கு ஒன்றும் இல்லை.

துணி தேய்ப்பவர் செவ்வாய்க்கிழமை இறந்துவிட்டார். நாற்பத்திரண்டு வயது. எங்கள் வீட்டுத் துணி நாலு உருப்படி அவர் கடையில் இருந்தது.

எடுக்கப் போனேன். உண்மையில் எதற்குப் போனேன் என்று தெரியவில்லை. எரிந்த கடை முன்னால் அவருடைய மனைவி நின்றிருந்தார். பேசினார். ஒன்றும் கேட்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது. காது கேட்காது என்று சைகை காட்டினேன். கேட்காத மாதிரி நடிக்கிறேன் என்று நினைத்திருப்பார். காலிலிருந்த செருப்பைக் கழற்றி எறிந்தார். என் மேல் படவில்லை. பட்டிருக்கலாம்.

வழக்கை இப்போது மரணம் விளைவித்த பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். கம்பெனி கொடுத்த அறிக்கையின் நகல் வந்தது. 'சம்பந்தமில்லாத ஒரு முன்னாள் ஊழியர், திருப்பித் தராமல் வைத்திருந்த கருவியைக் கொண்டு, எவருடைய அழைப்பும் இன்றி வால்வில் கை வைத்தார்' என்று இருக்கிறது. கன்ட்ரோல் ரூமிலிருந்து என் வீட்டுக்குப் போன் வந்ததை ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால் 'அந்தத் தெருவில் பதினாலு வீட்டுக்கு எச்சரிக்கைப் போன் போனது, அதில் இதுவும் ஒன்று' என்கிறார்கள். என்ன பேசினோம் என்பதற்கு அந்த டேப்பை விட்டால் வேறு சாட்சி கிடையாது.

மேனேஜர் லீவு முடிந்து வந்துவிட்டாரா?

பெரியப்பா

~

மே 1

அன்புள்ள சின்னவனுக்கு,

எல்லோரும் நலமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். தபால் தவறியிருக்கலாம் என்று தபால்காரரைக் கேட்டேன். "எங்க மேல பழி போடாதீங்க சார்" என்று கடித உறையின் மேல் எழுதிக் காட்டிவிட்டுப் போனார்.

இன்று எழுபத்தொன்றாம் நாள்.

பெரியப்பா

~

மே 6

பெரிய மாமாவுக்கு,

உங்க மருமக எழுதுறது. மாமாவும் அத்தையும் நல்லா இருக்கணும்னு வேண்டிக்கிறேன். நான் எழுதுறது அவருக்குத் தெரியாது.

நீங்க ஒண்ணு ஒண்ணா நாள எண்ணி எழுதுறீங்க. அந்த லெட்டர் வர்ற அன்னிக்கெல்லாம் அவர் சாப்பிடறதில்ல. டேப்புக்கு எழுதின மனு சட்டைப் பையிலயே இருக்கு. துவைக்கும்போது எடுத்து வைக்கிறேன், திரும்ப எடுத்துப் பையில போட்டுக்கிட்டுப் போறார். ஆபீஸ் வாசல் வரைக்கும் போகுது, திரும்பி வருது. மடிச்ச இடமெல்லாம் கிழிஞ்சிருச்சு.

மாமா, அதக் குடுத்தா இவருக்கு வேலை போகும். அதோட நிக்காதாம். சம்பளம் வாங்கிட்டு வேலை பாக்குறவங்களுக்கு நீங்க சொல்ற அந்தச் சட்டம் உதவாதாம். வர்ற போலீஸ் கேஸ் இவர் மேல வரும். பாப்பாவுக்கு இன்னும் ஒரு வயசு ஆகல.

எழுதக் கை கூசுது, ஆனா எழுதுறேன். உங்களுக்கு எழுபத்தி மூணு வயசு. வயசானவங்கள உள்ள வைக்க மாட்டாங்கன்னு சொல்றாங்க. வச்சாலும் சீக்கிரம் விட்டுருவாங்களாம். இருபதாம் தேதி வரைக்கும் ஒண்ணும் எழுதாம இருங்க மாமா. அவ்வளவுதான் கேக்குறேன். அத்தைகிட்ட இதக் காட்டாதீங்க. என்ன மன்னிச்சிருங்க.

மருமகள்

~

மே 10

அன்புள்ள மருமகளுக்கு,

ஆசிகள். குழந்தைக்கு உடம்பு எப்படி இருக்கிறது? உன் கடிதத்தை உன் அத்தை படித்துவிட்டாள். இந்த வீட்டில் நான் எதையும் ஒளித்துச் சரியாக வந்ததில்லை. உன்னைத் திட்டவில்லை. என்னைத் திட்டினாள். "அவளாச்சும் வாயத் தொறந்து கேக்குறா, நீங்க எதக் கேட்டீங்க இதுவரைக்கும்?" என்று எழுதினாள்.

நீ கேட்டதில் தப்பில்லை. ஆனால் உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். டேப்பை நிறுத்தி வைக்கச் சொல்லி நானும் மனுப் போடலாம். வக்கீலம்மா எழுதிக் கொடுத்து ஒரு மாதம் ஆகிறது. கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. ஒரு வார்த்தை சரியில்லை என்று மறுபடி எழுதினேன். தேதி சரியில்லை என்று மறுபடி எழுதினேன். எட்டுப் பிரதி ஆகிவிட்டது. ஒன்றிலும் கையெழுத்து இல்லை. சின்னவனுக்காகத்தான் தயங்குகிறேன் என்று வக்கீலம்மா நினைக்கிறார். நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் நினைத்தேன்.

அன்று போனில் நான் அவனை ஒன்று கேட்டேன். "இன்னும் இடப்பக்கம்தானே?" என்று கேட்டேன். அதுவரை நன்றாக ஞாபகம் இருக்கிறது. அவன் என்ன சொன்னான் என்பதுதான் தெரியவில்லை. "ஆமா" என்றான் என்று சில நாள் தோன்றுகிறது. "இல்ல பெரியப்பா, இப்ப வலப்பக்கம்" என்றான் என்று வேறு சில நாள் தோன்றுகிறது. அவன் சரியாகச் சொல்லி, என் கை பழக்கத்தில் இடப்பக்கம் போயிருந்தால்? சட்டத்துக்கு அது பெரிதில்லையாம். கூப்பிட்டது மட்டும் உறுதியானால் போதுமாம். அந்த டேப் என்னை ஜெயிலிலிருந்து காப்பாற்றும். ஆனால் அதில் அந்த ஒரு வார்த்தை இருந்தால், அந்த மனிதரைக் கொன்றது நான் என்று ஆகிவிடும். அதைக் கேட்கப் பயந்துதான் கையெழுத்துப் போடாமல் இருக்கிறேன்.

ஆகவே நீ கேட்கும் உதவியை, கேட்பதற்கு முன்பே, என் கோழைத்தனத்தால் செய்துகொண்டிருக்கிறேன். நன்றி சொல்ல வேண்டாம்.

அவனைச் சாப்பிட வை.

பெரிய மாமா

~

மே 19

பெரியப்பாவுக்கு,

நீங்க ரெண்டு பேரும் எப்படி இருக்கீங்கன்னு கேக்கறதுக்கு எனக்கு யோக்கியதை இல்ல. கேக்குறேன்.

நீங்க இவளுக்கு எழுதின லெட்டர அரிசி டின்னுக்குள்ள வச்சிருந்தா. நானே எடுத்துப் படிச்சேன். எட்டுப் பிரதி எழுதிட்டு உக்காந்திருக்கீங்க. நான் வலப்பக்கம்னு சொல்லியிருப்பேனோன்னு பயந்துகிட்டு. என் மேல கோபமா இருப்பீங்கன்னு நினைச்சு நான் ஒளிஞ்சுக்கிட்டு இருந்தேன். நீங்க உங்க மேலயே சந்தேகப்பட்டுக்கிட்டு இருந்திருக்கீங்க. என்ன மனுஷன் நீங்க?

நேத்து மனுவக் குடுத்தேன். மேனேஜர்கிட்ட இல்ல, விசாரணை அதிகாரிகிட்ட நேரா. கிழிஞ்சதையே ஒட்டிக் குடுத்தேன். டேப்ப உடனே போட்டாங்க. நாப்பத்தோரு செகண்டு. நீங்க, "இன்னும் இடப்பக்கம்தானே?" ன்னு கேக்குறீங்க. நான், "உங்களுக்குத் தெரியாத வால்வா பெரியப்பா! ஓடுங்க" ன்னு சொல்றேன். அவ்வளவுதான். ஆமான்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல. அந்த வால்வோட கார்டு என் மேசையிலதான் இருந்துச்சு. மாத்துனது பின்பக்கம் எழுதியிருந்துச்சு. திருப்பிப் பாக்க ஒரு செகண்டு ஆகியிருக்கும்.

வெளிய வந்ததும் மேனேஜர், "அந்தப் பிரிவு உனக்குக் கிடையாது தெரியும்ல? உங்க பெரியப்பா தப்பிச்சாரு, நீ மாட்டுன" ன்னார். தெரியும் சார்னேன். பேட்ஜ வாங்கிட்டாங்க.

நீங்க கொல்லல பெரியப்பா. இத எழுதத்தான் எழுதுறேன்.

சின்னவன்

~

ஜூலை 3

அன்புள்ள சின்னவனுக்கு,

நீயும் மருமகளும் குழந்தையும் திடமாக இருக்க வேண்டும். எனக்கு இடது காதில் லேசாகச் சத்தம் விழத் தொடங்கியிருக்கிறது. உன் பெரியம்மா சிலேட்டை இன்னும் விடவில்லை. எழுதித் திட்டுவதில் ருசி கண்டுவிட்டாள்.

நாலு வாரமாக இந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டிருக்கிறேன். என் மேல் இருந்த வழக்கைப் போன மாதம் எடுத்துவிட்டார்கள். கம்பெனி கூப்பிட்டதன் பேரில், கூலியின்றி, நல்லெண்ணத்தோடு போனவர் என்று உத்தரவில் இருக்கிறது. வக்கீலம்மா கையைப் பிடித்துக் குலுக்கினார். "இனி இந்த விஷயத்துல உங்கள யாரும் ஒண்ணும் செய்ய முடியாது, நிம்மதியாத் தூங்குங்க" என்று என் இடது காதோரம் சத்தமாகச் சொன்னார். கடைக்காரருடைய மனைவியும் ஒன்றும் செய்ய முடியாதா என்று கேட்டேன். "அவங்களும்தான்" என்றார். வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். அன்று முழுக்க எழுந்திருக்கவில்லை.

நான் கொல்லவில்லை என்று எழுதியிருக்கிறாய். அதை நம்பத்தான் ஆசை. டேப்பில் இருக்கும் பேச்சை எழுத்தில் கொடுத்தார்கள், பலமுறை படித்தேன். நான் கேள்வி கேட்டிருக்கிறேன். நீ பதில் சொல்லவில்லை, என்னைப் புகழ்ந்திருக்கிறாய். அந்தப் புகழ்ச்சியை நான் பதிலாக எடுத்துக்கொண்டேன். 'சரி, எந்தப் பக்கம்?' என்று இன்னொரு தரம் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. ஏன் தெரியுமா? சந்தோஷமாக இருந்தது. பதினோரு வருஷமாக எதற்கும் யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை. ஆபத்துக்கு ஓட வேண்டியவன், சட்டையை மாற்றிக்கொண்டு ஓடினேன், சின்னவனே. முழுக்கைச் சட்டை. பொத்தானெல்லாம் போட்டுக்கொண்டு. இதை இன்ஸ்பெக்டர் கேட்கவில்லை, வக்கீலம்மாவும் கேட்கவில்லை.

நேற்று சம்மன் வந்தது. இந்த மாதம் பதினெட்டாம் தேதி உன் வழக்கில் அரசுத் தரப்பு முதல் சாட்சி நான். வராமலிருக்க வழி உண்டா என்று கேட்டேன். டாக்டர் சர்டிபிகேட் வாங்கலாமாம். சர்டிபிகேட் வாங்கவில்லை. தைரியம் வந்துவிட்டது என்று நினைத்துவிடாதே. சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொல்லவும் பயம், போகாமல் இருக்கவும் பயம். இரண்டு பயத்துக்கும் நடுவில் மிச்சமிருந்தது இந்த வழிதான்.

அரசு வக்கீல் கேட்பார், "எந்தப் பக்கம் திருகணும்னு உங்க தம்பி மகன் சொன்னாரா?" சொல்லவில்லை என்பேன். அந்த ஒரு வார்த்தை உன்னை எங்கே கொண்டுபோய் விடும் என்று எனக்குத் தெரியும். உன் அப்பா போன பிறகு ஆறு வருஷம் எங்கள் வீட்டில் சாப்பிட்டுப் பள்ளிக்கூடம் போன பிள்ளை நீ. தெரிந்தேதான் சொல்லப் போகிறேன்.

அதோடு என்னை இறங்கச் சொல்லிவிடுவார்கள். கேட்டதற்கு மட்டும்தான் சாட்சி பதில் சொல்லலாமாம், தானாக எதையும் சொல்லக் கூடாதாம். அதனால் உன் வக்கீலிடம் ஒன்று சொல்லிவை. பெரியவர், பாவம், காது கேட்காதவர் என்று என்னை விட்டுவிட வேண்டாம். அவர் எழுந்து, "பதில் வரலைன்னு தெரிஞ்சும் நீங்க ஏன் மறுபடி கேக்கல?" என்று சத்தமாக, என் இடது பக்கம் நின்று கேட்க வேண்டும். முழுவதையும் சொல்லிவிடுவேன். சட்டையையும் சொல்வேன். கடைக்காரர் மனைவியும் அன்று வருவார் என்கிறார்கள். அவர் கேட்க வேண்டும். சட்டப்படி என்னை அந்தக் கேள்வி கேட்க இனி உன் வக்கீலை விட்டால் உலகத்தில் ஆள் இல்லை.

பதினெட்டாம் தேதி காலையில் ஏதாவது சாப்பிட்டுவிட்டு வா. வெறும் வயிற்றோடு அங்கே நிற்காதே. குழந்தைக்கு என் முத்தம்.

பெரியப்பா